ஒப்புகைச் சீட்டை எண்ணுங்கள் என்று கேட்டபோது: அனுபவப் பகிர்வு

எழும்பூர்வாசி:

விவிபாட் இயந்திரத்தில் (யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று காகிதத்தில் அச்சிட்டுக் காட்டும் கருவி) விழும் ஒப்புகைச் சீட்டுகளை முழுதாக எண்ண வேண்டும் என்று கையெழுத்து வாங்கப் போனவர்கள், துண்டறிக்கை கொடுத்தவர்கள், தேர்தல் பணி பார்த்தவர்கள், பூத்தில் ஏஜென்டாக உட்கார்ந்தவர்கள் எல்லோரும் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம். யார் ஜெயித்தாலும் இந்தக் கோரிக்கை அப்படியேதான் இருக்கும்.

நான் ஆரம்பிக்கிறேன். 2014 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க எட்டுத் தொகுதிகளில்தான் விவிபாட் வைத்தார்கள். தமிழ்நாட்டில் மத்திய சென்னை மட்டும். எனக்கு அங்கேதான் ஓட்டு. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு வந்து ஏழு நொடி நின்றது. பிறகு அறுந்து பெட்டிக்குள் விழுந்தது. இதை எப்போது எண்ணுவார்கள் என்று வெளியே நின்றவர்களிடம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நான் இந்த வேலைக்கு வந்தது அந்தக் கேள்வியால்தான்.

அந்தச் சீட்டும் சும்மா வந்துவிடவில்லை. எத்தனையோ பேர் எழுதி, பேசி, வழக்குப் போட்ட பிறகுதான் 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் காகிதச் சான்று இன்றியமையாதது என்று தீர்ப்புச் சொன்னது. சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கு. தலைமை நீதிபதி ப. சதாசிவமும் ரஞ்சன் கோகோயும் அமர்ந்த அமர்வு. அதற்கு முந்தின மாதம்தான் நாகாலாந்தின் நொக்சென் இடைத்தேர்தலில் இந்த இயந்திரத்தை முதன்முதலாகப் பயன்படுத்தியிருந்தார்கள்.

கையெழுத்துக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, "நீங்க எந்தக் கட்சி?" எந்தக் கட்சியும் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். 2024 ஏப்ரலுக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: "அதான் கோர்ட்டே சொல்லிடுச்சே." ஆமாம், ஏப்ரல் 26 தீர்ப்பில் நூறு சதவீதம் எண்ணும் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். ஆனால் அதே தீர்ப்பில், விவிபாட்டில் சின்னங்களை ஏற்றும் கருவியை முடிவு வந்த பிறகும் 45 நாள் முத்திரையிட்டுப் பத்திரமாக வைக்கச் சொன்னார்கள். சீட்டை இயந்திரம் கொண்டு எண்ண முடியுமா என்று பரிசீலிக்கலாம் என்றும் சொன்னார்கள். இதை விளக்கினால் பலர் நின்று கேட்கிறார்கள். ஒரு ஆட்டோ ஓட்டுநர் துண்டறிக்கையை முழுதாகப் படித்துவிட்டு, "எண்ணப் போறதில்லைன்னா அப்புறம் எதுக்கு இவ்ளோ செலவு பண்ணி பிரின்ட் போடுறாங்க?" என்று கேட்டார். பக்கத்து ஸ்டாண்டு ஆட்களையும் கூட்டிவந்து கையெழுத்துப் போட வைத்தார்.

தேனி ஆசிரியை:

ஓய்வு பெற்றுவிட்டேன். 2019இலும் 2021இலும் வாக்குச்சாவடி தலைமை அலுவலராக இருந்தேன். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத சிலவற்றைச் சொல்கிறேன்.

விவிபாட் கொஞ்சம் நோஞ்சான் இயந்திரம். ஜன்னல் வெளிச்சம் நேராகப் படக் கூடாது, பல்புக்குக் கீழே வைக்கக் கூடாது. பின்னால் ஒரு திருகு இருக்கும், எடுத்துப் போகும்போது ஒரு நிலை, வேலை செய்யும்போது ஒரு நிலை. மாற்ற மறந்தால் பிழை காட்டும். 2018 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் கைரானா இடைத்தேர்தலில் ஏகப்பட்ட இயந்திரங்கள் மக்கர் செய்து, 73 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு வைத்தார்கள். எங்கள் பயிற்சி வகுப்பில் வெளிச்சத்தைப் பற்றி அத்தனை தடவை சொன்னது அதனால்தான்.

காலையில் வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஏஜென்டுகள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது ஐம்பது ஓட்டு போட வேண்டும். பிறகு சீட்டுகளை எடுத்து எண்ணி, கன்ட்ரோல் யூனிட் (ஓட்டைப் பதிந்து வைக்கும் பெட்டி) காட்டும் எண்ணோடு ஒத்துப் பார்ப்போம். எனக்கு எப்போதும் சரியாகத்தான் வந்தது. அந்தச் சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைத்து, எண்ணிக்கையை அழித்த பிறகுதான் உண்மையான வாக்குப்பதிவு. ஆக, ஐம்பது ஓட்டுக்குக் காகிதத்தை எண்ணித்தான் இயந்திரத்தை நம்புகிறோம். அந்த நாள் முழுக்க விழும் ஓட்டுக்கு மட்டும் அது வேண்டாம் என்கிறோம்.

ஒரு பெரியவர் ஓட்டுப் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, நான் அமுக்குன சின்னம் வரல, வேற வந்துச்சு" என்றார். இப்படிப் புகார் சொல்பவர்களுக்கான 49எம்ஏ விதியைப் படித்துக் காட்ட வேண்டியது என் கடமை. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், பிறகு எல்லோர் முன்னாலும் சோதனை வாக்குப் போட வேண்டும், புகார் பொய் என்று ஆனால் அப்போதைய தண்டனைச் சட்டம் 177ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "வேணாம்மா, விட்டுருங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் கண் சரியாகப் பார்த்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. சீட்டு எண்ணப்படும் என்று இருந்தால் அவரிடம் ஒரு பதிலாவது சொல்லியிருப்பேன். அந்த வருத்தத்தில்தான் பணி முடிந்ததும் இந்தக் கோரிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

கணக்கு வாத்தியார், கரூர்:

மேடையில் சதவீதம் பேசினால் யாரும் கேட்பதில்லை. அதனால் நான் புளியங்கொட்டை கொண்டுபோவேன். ஒரு மஞ்சப் பையில் முந்நூறு கொட்டை, ஒரு தொகுதியில் அவ்வளவு சாவடி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் மட்டும் சுண்ணாம்புப் பொட்டு. "கையை விட்டு அஞ்சு எடுங்க, பொட்டு வெச்சது வருதா பாப்போம்" என்பேன். ஏன் அஞ்சு? 2019 ஏப்ரல் 8 தீர்ப்பின்படி ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டைத்தான் எண்ணுகிறார்கள். அதற்கு முன் ஒன்றே ஒன்று. எதிர்க்கட்சிகள் கேட்டது ஐம்பது சதவீதம்.

சந்தையில் ஆள் மாற்றி ஆள் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டு வந்தது அபூர்வம். கணக்குப் போட்டாலும் அப்படித்தான்: முந்நூறில் மூன்று பழுது, ஐந்து எடுக்கிறோம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை பழுது கண்ணில் படாமல் தப்பிவிடும். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதியில் மூன்று சாவடி முடிவை மாற்றாது, சரி. சில நூறு ஓட்டில் ஜெயிக்கிற தொகுதியில்? ஓய்வு பெற்ற ஐஏஎஸ் அதிகாரி கே. அசோக் வர்தன் ஷெட்டி இந்த அளவு சாம்பிள் போதாது என்று பத்திரிகையில் விளக்கமாக எழுதியிருக்கிறார். நான் அதைக் கொட்டையில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு காய்கறிக்கார அம்மா மட்டும் முதல் தடவையே பொட்டு வைத்ததை எடுத்துவிட்டார். "பாத்தியா, வந்துருச்சு!" என்றார். அவரையே மறுபடி மறுபடி எடுக்கச் சொன்னேன், அப்புறம் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நெல்லை முகவர்:

2021 வாக்கு எண்ணிக்கையில் ஒரு சுயேச்சை வேட்பாளருக்கு ஏஜென்டாக இருந்தேன். எல்லாச் சுற்றும் முடிந்த பிறகுதான் சீட்டு எண்ணுவார்கள். அதற்குள் முடிவு தெரிந்துவிடும், வெளியே பட்டாசு வெடிக்கும், தோற்ற கட்சிக்காரர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சாவடி எண் எழுதிய அட்டைகளைக் குலுக்கி ஐந்து எடுத்தபோது பார்க்க நின்றவர்கள் மிகச் சிலர். வங்கிக் காசாளர் கூண்டு மாதிரி கம்பிவலை அடித்த இடத்தில் உட்கார்ந்து, வேட்பாளர் வாரியாகச் சீட்டைப் பிரித்து எண்ணினார்கள். ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. ஐந்தும் ஒத்துப்போனது. அலுவலர்கள் களைத்திருந்தும் ஒழுங்காகச் செய்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு உறுத்துவது வரிசைதான். சரிபார்ப்பை முதலில் வையுங்கள் என்று 2019இலேயே எதிர்க்கட்சிகள் கேட்டன, தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை.

கோவைப் பொறியாளர்:

நான் இந்தக் கோரிக்கைக்கு எதிரானவன். இருந்தாலும் எழுதுகிறேன். இந்த இயந்திரத்துக்கு இணையத் தொடர்பு இல்லை. எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்குப் போகும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாதபடி இரண்டு தடவை கலைக்கிறார்கள். சரிபார்ப்பும் இருக்கிறது: 2019இல் 20,625 சாவடிகளில் சீட்டை எண்ணினார்கள். வாக்குச்சீட்டுக் காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதை என் அப்பா கண்ணால் பார்த்தவர். ஐம்பது சதவீதம் எண்ணப் போனாலே முடிவு ஐந்தாறு நாள் தள்ளிப்போகும் என்று 2019இல் ஆணையம் சொன்னது. நீங்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசுவது மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையைக் குலைக்கிறது.

எழும்பூர்வாசி:

ஐயா, எழுதியதற்கு நன்றி. வாக்குச்சீட்டுக்குத் திரும்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இயந்திரமும் இருக்கட்டும், சீட்டையும் எண்ணுங்கள் என்கிறோம். 2019இல் ஆந்திரத்தின் மைதுகூர் தொகுதியில் ஒரு சாவடியில் மாதிரி வாக்குகளை அழிக்காமலே வாக்குப்பதிவு நடந்துவிட்டது. யாரும் சதி செய்யவில்லை, கைமறதி. ஆனால் அதைக் காட்டிக்கொடுத்தது காகிதம். எண்ணாத சாவடிகளில் அப்படிக் கைமறதி இருந்தால் யார் சொல்வது?

நாள் கணக்குக்கு வருவோம். நெல்லை நண்பர் ஒரு பெட்டிக்கு ஒரு மணி நேரம் என்கிறார். முந்நூறு சாவடி, பதினான்கு மேசை என்றால் 22 மணி நேரத்துக்குள் முடியும். மேசையைக் கூட்டினால் இன்னும் குறையும். ஐந்து வருட ஆட்சிக்கு ஒரு நாள் காத்திருக்க மக்கள் தயாராக இருக்கிறார்கள், தெருவில் நான் கேட்டு வருவது இதைத்தான்.

ஜெர்மனியில் 2009 மார்ச்சில் அரசமைப்பு நீதிமன்றம் தேர்தல் இயந்திரங்களை நிறுத்தியபோது மோசடி நடந்தது என்று சொல்லவில்லை. தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்றுதான் சொன்னது. நீங்கள் பொறியாளர், இரண்டு தடவை கலைப்பது உங்களுக்குப் புரிகிறது. தேனி அம்மா சொன்ன பெரியவருக்குப் புரிவது சீட்டு. நம்பிக்கையைக் குலைப்பதாகச் சொன்னது எனக்கு வலிக்கிறது. ஏனென்றால் அந்த நம்பிக்கை நிலைக்க வேண்டும் என்றுதான் அலைகிறோம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 56டி விதிப்படி, எண்ணிக்கை அறிவித்ததும் வேட்பாளர் சீட்டை எண்ணச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலர் கையில். எண்ணி வித்தியாசம் வந்தால் சீட்டுக் கணக்கே செல்லும். 2024க்குப் பிறகு வந்த வழி வேறு: இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் பணம் கட்டி ஐந்து சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்கக் கேட்கலாம். வேலூரிலும் விருதுநகரிலும் கேட்டார்கள். அது சீட்டை எண்ணுவது ஆகாது.

செங்கல்பட்டு மாணவி:

அடுத்த தேர்தலில் பூத் ஏஜென்டாக உட்காரப் போகிறேன். என்ன வாங்கிக்கொண்டு வர வேண்டும்?

நெல்லை முகவர்:

17சி படிவத்தின் நகல், தங்கச்சி. தலைமை அலுவலர் கையெழுத்தோடு தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். பதிவான மொத்த ஓட்டு, கன்ட்ரோல் யூனிட் எண், விவிபாட் எண் எல்லாம் அதில் இருக்கும். மாதிரி வாக்குப்பதிவுக்கு நேரத்தோடு போய்விடுங்கள், ஏஜென்ட் வரவில்லை என்றால் பதினைந்து நிமிடம்தான் காத்திருப்பார்கள்.