வேதாரண்யம் பக்கம் மணல் மனை: கழிவறைக்கு 10 உறை இறக்கினால் போதுமா?

தோப்புத்தெரு:
வணக்கம். புஷ்பவனம் பக்கம் 12 சென்ட் மனை, 50க்கு 104 அடி. 10 அடி தோண்டினாலும் மணல்தான். வைகாசியில் கிணற்றுத் தண்ணீர் 7 அடியில் நிற்கிறது. 900 சதுர அடியில் தரைத்தள வீடு, அஞ்சு பேர். மூணு அடி வானம் (அடித்தளக் குழி) பறித்துக் கருங்கல் கட்டு போதும், கழிவறைக்கு 10 உறை (சிமெண்ட் வளையம்) இறக்கினால் தண்ணீர் தானா வடிஞ்சிடும் என்கிறார் மேஸ்திரி. குடிக்கிற கிணறும் இதே மனையில்தான். பின்னால் காய்கறியும் நாலு தென்னையும் வைக்கணும். சரியா வருமா?

நீர்மட்டம்:
உறை யோசனையை இன்றைக்கே கைவிடுங்க. ஒரு அடி உறை 10 என்றால் ஆழம் 10 அடி. வைகாசியிலேயே கடைசி 3 அடி தண்ணீருக்குள் நிற்கும். கார்த்திகையில் முக்கால்வாசி முழுகிவிடும். மணலில் தண்ணீர் இறங்குவது உண்மைதான். வேகமா இறங்குவதுதான் ஆபத்து. கழிவுநீரைச் சுத்தப்படுத்துவது ஈரம் குறைந்த, காற்றோடும் மண். அது நடுவில் இல்லாவிட்டால் கிருமி அப்படியே கிணற்றுக்கு வரும்.

முதலில் தெரிய வேண்டியது ஐப்பசி, கார்த்திகை நீர்மட்டம். பழைய கிணறு இருந்தால் உள்சுவரில் பாசிக்கறை எதுவரை ஏறியிருக்கு என்று பாருங்க. இல்லாவிட்டால் துளையிட்ட 2 அங்குல பி.வி.சி. குழாயை 8 அடி இறக்கி, அடைமழையில் வாரம் ஒரு தடவை அளவெடுங்க.

உறைக்குப் பதில் செப்டிக் டேங்க் கட்டுங்க. அஞ்சு பேருக்கு டேங்க் உள்ளளவு: நீளம் 5 அடி, அகலம் இரண்டரை, தண்ணீர் நிற்கும் ஆழம் மூணேகால். அடியில் கான்கிரீட், உள்ளே கசியாத பூச்சு, கழிவு வரும் வழி, போகும் வழி இரண்டிலும் டி வடிவக் குழாய். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே சுற்றிலும் ஒரு அடி நீட்டிப் போடுங்க. அதன்மேல் ஏறும் மணல்தான் டேங்கை அமுக்கிப் பிடிக்கும். அடைமழையில் லாரி வைத்துக் காலி செய்தால் வெறும் டேங்க் மேலே மிதந்து குழாயை முறித்துவிடும். பங்குனி, சித்திரையில் எடுத்து, உடனே தண்ணீர் நிரப்பிடுங்க.

டேங்கிலிருந்து வெளியேறும் நீர் வடியக் குழி வேண்டாம், ஜல்லிப் படுகை வைத்த மணல் மேடு போடுங்க. ஜல்லிப் படுகையின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 3 அடி மணல் தண்ணீர் படாமல் காய்ந்தே இருக்கணும். தரை போதாவிட்டால் பொடிமணல் கொட்டி உயர்த்தி, மேலே 9 அங்குலம் ஜல்லி, அதில் துளையிட்ட 4 அங்குலக் குழாய். கிணற்றுக்கு 60 அடி குறைந்தபட்சம். உங்க மனை நீளம் 80 அடி விடவே இடம் தரும், விடுங்க. மேட்டுப் பக்கம் கிணறு, சரிவுப் பக்கம் கழிவு.

கடைக்கால்:
மணலைக் கெட்ட மண் என்று நினைக்க வேண்டாம். மன்னார்குடிப் பக்கத்துக் களிமண் கோடையில் வெடித்து மழையில் உப்பும். மணல் அப்படிச் செய்யாது. இறங்க வேண்டியது பெரும்பாலும் கட்டும்போதே இறங்கிடும். ஆனால் தண்ணீரில் ஊறினால் தாங்குதிறன் கிட்டத்தட்ட பாதியாகும், கூரைத்தண்ணீர் விழுந்தால் அரிக்கும். அதனால் மண் பரிசோதனை செய்து, பில்லர் ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் அகலமான கான்கிரீட் பாதம்), பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் தூண்களை இணைக்கும் கான்கிரீட் உத்திரம்) போடுங்க. சுற்றிலும் 3 அடி சிமெண்ட் தளமும் ஓடையும் அவசியம்.

வானம் ஆனிக்குள் பறிக்கணும். தண்ணீர் வந்தால் குழிக்குள் மோட்டார் போடாதீங்க. ஃபுட்டிங்குக்கு வெளியே, அதைவிட ஆழமா ஒரு குழி எடுத்து, ஜல்லி சூழ்ந்த உறை வைத்து அதிலிருந்து இறைக்கணும். குழி அடியில் மணல் கொதிப்பது போல எழும்பினால் வேலையை நிறுத்துங்க. அந்த மண் தளர்ந்துபோச்சு.

கடற்கரை என்பதால் எம்30 தரக் கான்கிரீட், ஃபுட்டிங்கில் கம்பிக்கு 50 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்). கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமைத் தாண்டக்கூடாது. கடல் மணல் கூடவே கூடாது.

தோப்புத்தெரு:
நன்றிங்க. பேஸ்மட்டம் (வீட்டுத் தளத்தின் உயரம்) மூணரை அடி வைத்தால் டேங்கையும் உயர்த்தலாமா?

நீர்மட்டம்:
தாராளமா. டேங்க் கழிவறையிலிருந்து 10 அடிக்குள் இருக்கட்டும், குழாய்ச் சரிவு 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம். டேங்க் போக்கு தரைக்கு மேல் 2 அடியில் வந்தால் மேட்டுக்குத் தானாகவே ஓடும். டேங்க் அடியும் ரொம்ப ஆழம் போகாது, மிதக்கும் பயம் குறையும்.

வண்டல்:
தோட்டத்துக்குச் சொல்றேன். வெறும் உரம் கொட்டினால் ரெண்டு மழையில் கீழே போயிடும். ஏரி வண்டலும் மக்கிய தொழுவுரமும் சேர்த்து மேல் அரை அடியில் கிளறுங்க, மேலே மூடாக்கு (காய்ந்த இலை, வைக்கோல் போர்வை). தழைச்சத்தை ஒரே தடவையில் கொடுக்காம நாலைந்தாகப் பிரிங்க. தென்னங்குழி முக்கால் மீட்டர், அடியில் ரெண்டு அடுக்கு தேங்காய் மட்டை, குழிந்த பக்கம் மேலே பார்க்க. பச்சை நார்க்கழிவு போடாதீங்க, மக்கியது மட்டும்.

கத்தரி, தக்காளி வாடினால் பிடுங்கி வேரைப் பாருங்க. முடிச்சு முடிச்சா இருந்தால் நூற்புழு. மணலில் இதுதான் பெரிய தொல்லை. வேப்பம்புண்ணாக்கு போட்டு, அடுத்த பட்டத்துக்குத் துலுக்கச் செவ்வந்தி வையுங்க.

ஆழ்துளை போடாதீங்க. இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்குது; அதிகமா உறிஞ்சினால் உப்பு மேலேறும். ஆழமில்லாத கிணறு, அரை ஹெச்.பி. மோட்டார், விட்டு விட்டு இறைங்க. அந்தக் கழிவு மேட்டில் புல் மட்டும் இருக்கட்டும். தென்னை வேர் குழாய்த் துளையில் புகுந்து அடைச்சிடும், 15 அடியாவது தள்ளி வையுங்க.