போக்சோ சட்டத்தில் மரண தண்டனை: குழந்தைகளுக்குப் பாதுகாப்பு கூடியிருக்கிறதா?

கேள்வி:
குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டத்தில், கடுமையான ஊடுருவல் பாலியல் வன்கொடுமைக்கான குறைந்தபட்சச் சிறைத்தண்டனை 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 10 ஆண்டுகளிலிருந்து 20 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டதோடு, மரண தண்டனையும் சேர்க்கப்பட்டது. ஒரு தாயாக எனக்கு இது நியாயமாகவே படுகிறது. சட்டம் அறிந்தவர்கள் சிலர் இதை ஏற்கத் தயங்குவது ஏன்?

மறுமொழி 1:
இவ்வழக்குகளில் குற்றம் சாட்டப்படுபவர் பெரும்பாலும் குழந்தைக்கு நன்கு தெரிந்தவர். வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவர் தூக்குமேடை ஏறக்கூடும் என்னும்போது, புகார் கொடுக்க வேண்டிய குடும்பமே குழந்தையை மௌனமாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. கொலைக்கும் இதற்கும் ஒரே தண்டனை என்றால், சாட்சியான குழந்தையின் உயிருக்கே அது கேடாக முடியலாம் என்ற அச்சமும் உண்டு. பாலியல் குற்றச் சட்டங்களில் திருத்தங்களைப் பரிந்துரைக்க அமைக்கப்பட்டு, 2013இல் அறிக்கை அளித்த நீதிபதி வர்மா குழுவும் பாலியல் வன்புணர்வுக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை.

மறுமொழி 2:
இதை நான் முழுமையாக ஏற்கவில்லை. மரண தண்டனை கட்டாயமன்று. நீதிமன்றத்தின் முன்னுள்ள தெரிவுகளில் ஒன்றுதான். குறைந்தபட்சத் தண்டனையை உயர்த்தியது மிகவும் சரி.

மறுமொழி 3:
தண்டனையின் அளவைவிட அதன் உறுதியே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. குழந்தையின் சாட்சியத்தை 30 நாட்களுக்குள் பதிவு செய்து, இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று 35ஆம் பிரிவு கூறுகிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும்போது, மறக்க முயலும் கொடுமையைப் பிள்ளை மீண்டும் நினைவுகூர நேர்கிறது. குற்றத்தை அறிந்தும் புகாரளிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்க 21ஆம் பிரிவு இடமளிக்கிறது. பள்ளியின் நற்பெயருக்காக உண்மையை மறைப்பவர்கள் மீது முதலில் அதைப் பயன்படுத்துங்கள்.