புதுப்பிப்பு: மழை அட்டவணைகள் இனிச் சிதறாது

சென்னையின் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழை அட்டவணைகளை ஆர் (R) என்ற நிரல் மொழியில் ‘சி’ (c) கட்டளையால் சேர்த்தால் ஆறு துண்டுகளாகின்றன என்று முன்பு கேட்டிருந்தேனே, விடை கிடைத்துவிட்டது. ஆரில் அட்டவணையைக் குறிக்கும் டேட்டா ஃப்ரேம் என்பதே நெடுவரிசைகளின் லிஸ்ட்தான், அதாவது பட்டியல்தான். எண்களை வெக்டராக, அதாவது ஒரே வரிசையாகக் கோக்கும் ‘சி’, இங்கே உறையைப் பிரித்துத் தேதி, மழை, வெப்பம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொட்டிவிடுகிறது. அதற்குப் பதில் ‘லிஸ்ட்’ (list) கட்டளை போட்டால் நீளம் 2, அதாவது இரண்டே உறுப்புகள். அட்டவணை அட்டவணையாகவே இருக்கிறது.

மூன்றாவது அட்டவணையைப் பின்னால் சேர்க்க ‘சி’யே போதும். ஆனால் அதை முதலில் ‘லிஸ்ட்’டுக்குள் போட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் பழைய கதைதான்!

எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி ஒரே அட்டவணையாக்க, லிஸ்ட்டில் உள்ளவற்றை மொத்தமாக ஒரு கட்டளைக்குத் தரும் ‘டூ.கால்’ (do.call) உடன், வரிசைகளை அடுக்கும் ‘ஆர்பைண்ட்’ (rbind). அதுவும் முதலில் முரண்டுபிடித்தது: மீனம்பாக்கம் கோப்பில் ‘மழை’ என்ற தலைப்புக்குப் பின்னால் ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டிருந்ததால் இரண்டின் தலைப்புகளும் பொருந்தவில்லை. நீக்கியதும் ஓடிவிட்டது.