ப்ளாக் பண்ணியும் அப்பா மெயிலுக்கு விளம்பரம் வந்துக்கிட்டே இருக்கு

நங்கநல்லூர் மகள்:
அப்பாவுக்கு 74 வயசு. பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். போன வருஷம் நந்தம்பாக்கத்துல நடந்த வீட்டுக் கண்காட்சிக்குப் போய், ஒரு ஸ்டால்ல ஜிமெயில் முகவரியை எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டார். கேளம்பாக்கம் பக்கம் ஃபிளாட் பிடிச்சுப்போய் 25,000 ரூபாய் அட்வான்ஸும் கட்டினார். அப்புறம் வேண்டாம்னு சொல்லியாச்சு, பணம் இன்னும் திரும்பலை. அந்தக் கம்பெனியோட விளம்பர மெயில் மட்டும் ஒரு நாளைக்கு நாலு வருது.

வர்ற ஒவ்வொரு முகவரியையும் ப்ளாக் பண்றேன். மறுநாள் வேற முகவரி. 'இன்ஃபோ', 'ஆஃபர்ஸ்', 'சேல்ஸ்2'ன்னு முன்னாடி மட்டும் மாறும், 'அட்'டுக்குப் பின்னாடி அதே கம்பெனி பேர்தான். இதுவரை 38 முகவரி ப்ளாக் பண்ணியாச்சு. நவம்பர்ல லைஃப் சர்ட்டிஃபிகேட் கொடுக்கணும்னு பேங்க் அனுப்பின மெயில் இந்தக் கூட்டத்துல புதைஞ்சு போச்சு. கடைசி வாரத்துலதான் பார்த்தோம். டிசம்பர் பென்ஷன் நின்னுடுமோன்னு அப்பா ரெண்டு ராத்திரி தூங்கலை. மொத்தமா நிறுத்த வழி இருக்கா?

வேளச்சேரி ராம்:
மேடம், ஜிமெயில்ல ப்ளாக் பண்ணா அந்த ஒரே ஒரு முகவரிக்குத்தான் பொருந்தும். அந்த மெயில்கூட திரும்பிப் போகாது, ஸ்பாம்ல விழும், 30 நாள்ல அழியும். அனுப்பினவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால 38 இல்லை, 380 பண்ணாலும் தீராது.

உங்களுக்கு வேண்டியது ஃபில்டர், அதாவது வர்ற மெயிலைத் தானா பிரிச்சு ஒதுக்குற வசதி. போன் ஆப்ல போட முடியாது, லேப்டாப்ல பிரௌசர்ல திறங்க. தேடல் பெட்டியோட வலது ஓரத்துல கோடு கோடா ஒரு குறி இருக்கும். அதைத் தட்டி, 'ஃப்ரம்' கட்டத்துல 'அட்'டுக்குப் பின்னாடி வர்ற பேரை மட்டும் போடுங்க. உடனே ஃபில்டர் போட்டுடாதீங்க. முதல்ல 'சர்ச்' கொடுத்து என்னென்ன மாட்டுதுன்னு ஒரு தடவை முழுசா ஓட்டிப் பாருங்க. எங்க மாமா பார்க்காம 'டெலீட் இட்' போட்டு, வேண்டிய ரசீது ட்ராஷுக்குப் போய் 30 நாள்ல காணாமப் போச்சு. பார்த்த பிறகு 'கிரியேட் ஃபில்டர்' தட்டி, 'டெலீட் இட்', 'ஸ்கிப் இன்பாக்ஸ்'னு வர்றதுல வேண்டியதை டிக் பண்ணுங்க. பழைய மெயிலுக்கும் சேர்த்துன்னு கீழ ஒரு டிக் இருக்கும், அதையும் போடுங்க.

இன்னொரு ஃபில்டரும் அவசியம். பென்ஷன் வர்ற பேங்க் முகவரிக்கு 'நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்', கூடவே ஸ்டார். தொல்லையைத் தடுக்கிறதைவிட இதுதான் முக்கியம்னு நினைக்கிறேன்.

அம்பத்தூர் அக்கா:
கம்பெனி நிஜமானதுன்னா, அனுப்பினவர் பேருக்குப் பக்கத்துல ஜிமெயிலே காட்டுற 'அன்சப்ஸ்கிரைப்' தட்டிப் பாரும்மா. நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்புறவங்க ஒரே தட்டுல விலக வழி வைக்கணும்னு 2024-ல கூகுள் விதி கொண்டு வந்துச்சு. ஆனா 'உங்க கேஒய்சி காலாவதி ஆயிடுச்சு'ன்னு ஊர் பேர் தெரியாத மெயில் வந்தா, உள்ள இருக்கிற எந்த லிங்க்கையும் தொடக் கூடாது. மூணு புள்ளியைத் தட்டி 'ரிப்போர்ட் ஃபிஷிங்' கொடுத்துடு. அப்பா அவசரத்துல பணம் கிணம் அனுப்பிட்டார்னா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குப் போன் பண்ணணும், அந்த நம்பரை அவர் போன்லயே சேவ் பண்ணி வை.

அப்படியே செட்டிங்ஸ்ல படங்களைக் கேட்டுட்டுத்தான் காட்டணும்னு மாத்திடும்மா. படம் திறந்தா, நாம மெயிலைப் பார்த்தது சில சமயம் அனுப்பினவங்களுக்குத் தெரிஞ்சுடும்.

நங்கநல்லூர் மகள்:
ராம் சார், அக்கா, ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி அப்பாவைப் பக்கத்துல உட்கார வச்சுத் தேடினேன். 612 மெயில்! நல்லவேளை, ஓட்டிப் பார்க்கச் சொன்னீங்க. நடுவுல 'அக்கவுண்ட்ஸ்'னு ஆரம்பிக்கிற முகவரியிலேர்ந்து ரெண்டு மெயில். ஒண்ணு அட்வான்ஸ் கட்டின ரசீது. இன்னொண்ணு, கேன்சல் பண்ண கடிதம் வந்து சேர்ந்துடுச்சு, பேங்க் விவரம் அனுப்புங்கன்னு. வந்து மூணு மாசம் ஆகுது, நாங்க கண்ணுலயே பார்க்கலை. அப்பா அதை நாலு தடவை படிச்சார்.

அதனால இப்போதைக்கு 'டெலீட்' போடலை. 'ஸ்கிப் இன்பாக்ஸ்' போட்டு, தனி லேபிள்ல விழற மாதிரி வச்சிருக்கேன். வாரம் ஒரு தடவை நான் பார்த்துக்கிறேன். பேங்க் ஃபில்டரும் போட்டாச்சு. காலைல எழுந்து பார்த்தா அப்பா இன்பாக்ஸ்ல மூணே மெயில். பேங்க் விவரத்தை இன்னைக்கு அனுப்பியிருக்கோம், பணம் வந்ததும் 'டெலீட்'டுக்கு மாத்திடுவேன்.