எபகோமினல் நாள்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய எகிப்தின் நாட்காட்டி பற்றிய கட்டுரையில், எந்த மாதத்திலும் சேராமல் ஆண்டின் கடைசியில் வரும் ஐந்து 'எபகோமினல்' நாட்களுக்கு 'மிகுநாள்' என்று போட்டிருக்கிறோம். இது தவறு, மாற்ற வேண்டும். மிகுநாள் நான்காண்டுக்கு ஒருமுறை வரும் பிப்ரவரி 29. எகிப்தில் ஆண்டுதோறும் இந்த ஐந்து நாளும் உண்டு. வெள்ளக்காலம், விதைப்புக்காலம், அறுவடைக்காலம் என மூன்று பருவம். பருவத்துக்கு நான்கு மாதம். மாதத்துக்குச் சரியாக 30 நாள். ஆக 360. ஒசிரிஸ், ஹோரஸ், செத், ஐசிஸ், நெப்திஸ் பிறந்தநாட்களாகக் கொண்டாடிய ஐந்தையும் கடைசியில் சேர்த்தால்தான் 365.

நம்மிடம் இதற்குச் சொல் இல்லாததற்குக் காரணம் உண்டு. தமிழ் மாதங்கள் 29 முதல் 32 நாள்வரை நீண்டு குறுகுவதால், வெளியே மிஞ்ச நாளே இல்லை.

'மேல்நாள்' அல்லது 'மாதஞ்சாரா நாள்' சரிவருமா?

---

> 'மேல்நாள்' அல்லது 'மாதஞ்சாரா நாள்'

வணக்கம் ஐயா. மூலப்பொருளுக்கு நெருக்கம் 'மேல்நாள்'தான். எகிப்தியச் சொல்லான 'ஹெரியு ரென்பெத்' என்பதற்கே 'ஆண்டின் மேலுள்ளவை' என்று பொருள். ஆனால் புணர்ச்சியில் அது 'மேனாள்' ஆகிவிடும். படிப்பவர் 'மேனாள் அமைச்சர்' என்பதுபோல 'முன்னாள்' என்றே கொள்வார்.

'மாதஞ்சாரா நாள்' எகிப்துக்குப் பொருந்தும், அதன் வழிவந்த, எகிப்தியக் கிறித்தவர்களின் காப்டிக் நாட்காட்டிக்குப் பொருந்தாது. அங்கே இந்த ஐந்தும் 'சிறு மாதம்' என்ற பதின்மூன்றாம் மாதம். எத்தியோப்பியாவிலும் அப்படியே.

என் பரிந்துரை 'ஒட்டுநாள்'. ஒட்டுச்செடி, ஒட்டுத்திண்ணை போலப் பின்னால் சேர்த்தது என்று உடனே புரியும். நடு அமெரிக்க மாயர்களின் 18 மாதம் × 20 நாள் + 5 என்ற கணக்கில் கடைசி ஐந்தான வயெப் நாட்களுக்கும் இதையே ஆளலாம்.

மிகுநாளைத் தனியே வைத்துக்கொள்வது கட்டாயம், இல்லையேல் கட்டுரையின் அடுத்த பத்தியே குழம்பும். 365 நாளோடு நின்றதால் எகிப்திய ஆண்டு நான்காண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவத்தைவிட்டு விலகியது. வெள்ளக்கால மாதங்கள் வெள்ளமில்லாத காலத்தில் வந்தன. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 1460 ஆண்டு. கி.மு. 238இல் எகிப்திய மன்னர் மூன்றாம் தாலமி காலத்துக் கனோப்பஸ் ஆணை நான்காண்டுக்கு ஒருமுறை ஆறாவது நாளொன்றைச் சேர்க்கச் சொல்லியும் அது நடைமுறையில் நிலைக்கவில்லை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில்தான் நிலைத்தது. அந்த இடத்தில் இரு சொல்லையும் வைத்துப் பார்த்தேன்:

"ஒட்டுநாள் ஆண்டுக்கு ஐந்து, நான்காம் ஆண்டில் ஒரு மிகுநாள் கூடி ஆறு."

'மிகுநாள் ஐந்து, மிகுநாள் ஒன்று' என்று எழுதினால் இந்த வரி நிற்காது.