தெரு மரக் குழு: 45 மீட்டர் கயித்துக்கு அடக்கமா ஒரு பை

கவிதா: மரம் ஏறுற கயிறு 45 மீட்டர், 11.7 மிமீ. ஏறுறப்ப இடுப்புல மாட்டுற பாதுகாப்பு வாரு, ஹார்னஸ், அதுலயே தொங்கவிடுற மாதிரி அடக்கமா ஒரு பை வேணும். வாங்கலாமா, தைக்கலாமா? தைச்சா என்ன அளவு?

முத்து: முதல்ல கயிறு எவ்வளவு இடம் பிடிக்கும்னு கணக்குப் போடுவோம் கவிதா. 11.7 மிமீ கயித்தோட குறுக்குவெட்டு 1.075 சதுர செமீ. 4500 செமீ நீளத்தால பெருக்கினா 4.8 லிட்டர். அது இடைவெளியே இல்லாத கணக்கு. கையால திணிச்சா மடிப்புக்கு நடுவுல காத்து நிக்கும், அதனால ஏறத்தாழ ரெட்டிப்பாகி 10 லிட்டர் கிட்ட வரும். அந்த 10 லிட்டர்ல கால் பங்கு அளவு, 2.5 லிட்டர், மேல காலியா விடணும். ஆக 12.5 லிட்டர்.

முத்து: வட்டப் பைன்னா அடி விட்டம் 24 செமீ, உயரம் 28 செமீ. 12.7 லிட்டர் வரும்.

கவிதா: அந்தக் கால் பங்க விட்டா இன்னும் சின்னதாகுமே அண்ணே?

ராஜன் மாமா: ஆகும்மா, ஆனா கயிறு வெளிய வராது. அமுக்கித் திணிச்ச பையில மேல் மடிப்பு கீழ் மடிப்ப அழுத்திப் பிடிச்சுக்கும். இழுத்தா ஒண்ணொண்ணா வராம கொத்தா கிளம்பும். அந்தக் கொத்து பை வாயிலயே முடிச்சு விழும். மரத்துல பாதி உயரத்துல இருக்கிறப்ப அத அவிழ்க்க ஒரு கைதான் மிச்சம் இருக்கும். பை சின்னதா வேணும்னா துணியையும் வாரையும் குறைங்க, உள் இடத்துல கை வைக்காதீங்க.

செல்வி அக்கா: குகைக்குள்ள கயித்துல இறங்குறவங்க பயன்படுத்துற நீள ஒல்லிப் பை கிடைக்குதே, அது கிளையில சிக்காதுன்னு வாங்குறவங்க இருக்காங்க.

ராஜன் மாமா: சிக்காதுங்கிறது சரி. ஆனா விட்டம் ரொம்பக் குறைஞ்சா உள்ள கைய விட்டுத் திணிக்கிறது கஷ்டம், அடியில கயிறு ஒழுங்கா உக்காராது. 20லருந்து 25 செமீ வரைக்கும்தான் திணிக்கச் சுகம். ஆத்து மீட்புக்கு வீசுற கயித்துப் பையும் பாக்கச் சின்னதா அழகா இருக்கும். அது மெல்லிசுக் கயிறு 15, 20 மீட்டருக்குச் செஞ்சது, நமக்கு ஆகாது. வாய சுருட்டி மூடுற நீர்புகாப் பையும் வேண்டாம். ஈரக் கயிறு உள்ளயே புழுங்கும்.

கவிதா: அப்ப தைச்சிடறேன். துணி?

செல்வி அக்கா: அடிக்கு பிவிசி பூசின தார்ப்பாய், சதுர மீட்டருக்கு 600 கிராம். அதுதான் தரையில தேயுற இடம். பக்கச் சுவருக்கு 500 டெனியர் (நூலோட கனத்தச் சொல்ற அளவு) நைலான் போதும். முழுசும் தார்ப்பாய்னா பை விறைப்பா நிக்கும், ஆனா கனக்கும், மடிச்சு வைக்க முடியாது.

முத்து: வலைத்துணி வேண்டாம் அக்கா? சீக்கிரம் காயுமே.

செல்வி அக்கா: காயும். ஆனா ஈர மண்ணுல வச்சா சேறு நேரா உள்ள வரும். அந்த மண்துகள் கயித்து மேலுறைக்குள்ள புகுந்து உள்ளிழைய அறுக்கும். அடி வட்டத்துல 10 மிமீ ஐலெட் (ஓட்டை விளிம்புல அடிக்கிற வளையம்) மூணு போடு, தண்ணி வடிய அது போதும். மரத்தூள் ஐலெட்ட அடைக்கும், வேலை முடிஞ்சதும் பைய உள்வெளியா திருப்பி உதறிடணும்.

செல்வி அக்கா: வெட்டுற அளவு சொல்றேன், எழுதிக்கோ கவிதா. சுவர் 78.5 செமீ அகலம், 33.5 செமீ உயரம் (28 + அடித்தையலுக்கு 1.5 + வாய் மடிப்புக்கு 4). அடி வட்டம் விட்டம் 27 செமீ. வாய்க்கு மேல வர்ற கழுத்துக்கு மெல்லிசு நைலான் 78.5க்கு 20. அதோட மேல் ஓரத்த 3 செமீ மடிச்சு சுருக்குக் கயிறு கோர்க்கணும்.

செல்வி அக்கா: வட்டத்தையும் சுவரையும் நாலு சம பங்கா அடையாளம் போட்டு, நாலு புள்ளியையும் சேர்த்துக் கிளிப் போடு. குண்டூசி குத்தாத, தார்ப்பாயில விழுந்த ஓட்டை மூடாது. சுவரோட கீழ் ஓரத்துல 2 செமீக்கு ஒரு தடவை 1 செமீ ஆழம் கத்தரிச்சு விட்டாத்தான் வட்டத்துல சுருக்கம் இல்லாம வளையும்.

கவிதா: தையல் எத்தனை மிமீ வைக்கணும்கா? நெருக்கமா போட்டா பலம்தானே?

செல்வி அக்கா: இந்தத் துணியில நேர் எதிர். நெருக்கமா போட்டா ஊசி ஓட்டை வரிசையா விழுந்து, பாரம் ஏறுனதும் அந்தக் கோட்டோடயே கிழியும். 3.5லருந்து 4 மிமீ வை. ஊசி 18 நம்பர். நூல் பாலியெஸ்டர். பருத்தி நூல் ஈரத்துல மக்கிடும். மெஷின் பாதம் தார்ப்பாயில ஒட்டி நகராம நிக்கும், டெஃப்லான் பாதம் போடு.

செல்வி அக்கா: முக்கியமா, உள்தையலோட பிசிறு ஓரத்த நாடா வச்சு மூடித் தை. கயிறு அதுலதான் நூலிழை நூலிழையா சிக்கும்.

முத்து: வாய்க்கு வெல்க்ரோ நினைக்கவே வேணாம். அதோட கொக்கிப் பக்கம் கயித்து மேலுறையப் பிறாண்டி பஞ்சு பஞ்சாக்கிடும். ஜிப்பும் மண்ணுல நிக்கும். சுருக்குக் கயிறுதான். அதோட பூட்டு வெளிப்பக்கம் இருக்கணும், உள்ள தொங்குனா ஏறுற கயித்தோட சேர்ந்து சுத்திக்கும்.

முத்து: வாய் மடிப்புக்குள்ள 8 மிமீ பிளாஸ்டிக் குழாய் 75 செமீ விடு, வாய் தானா திறந்தே நிக்கும். ரெண்டு முனையையும் சேர்க்க உள்ள 5 செமீ குச்சி. இரும்புக் கம்பி வைக்காத. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் துணியத் துளைச்சு நுனி வெளிய வரும், அது உரசுறது உசிர் தொங்குற கயித்துல.

ராஜன் மாமா: வார் விஷயம். 25 மிமீ பட்டை நாடாவ ஒரு பக்கம் இறக்கி, அடி வழியா சுத்தி, மறுபக்கம் ஏத்தணும். 28 + 24 + 28, மேல ரெண்டு காதுக்கும் சேர்த்து 1.2 மீட்டர் போதும். கனம் முழுக்க நாடாவுல உக்காரும், துணித் தையல்ல இழுக்காது. காது மேல கட்டம் போட்டு நடுவுல பெருக்கல் குறித் தையல். அந்தக் காதுல ஆள் பாரம் ஒருநாளும் கூடாது. காதுக்குப் பக்கத்துல மார்க்கர்ல "பைக்கு மட்டும்"னு எழுதிடு.

கவிதா: சரி மாமா. கயித்தோட அடி நுனிய உள்ள கட்டிடணுமா?

ராஜன் மாமா: இதுலதான் நிறைய பேருக்குக் குழப்பம். நுனியில தடுப்பு முடிச்சு கட்டாயம் வேணும், இல்லன்னா இறங்கும்போது கயிறு சாதனத்த விட்டு ஓடிடும். ஆனா அந்த நுனிய பைக்குள்ள கண்ணுக்குத் தெரியாம கட்டி வச்சா, வேலை முடிஞ்சு மரத்துலருந்து கயித்த உருவுறப்ப பையும் சேர்ந்து மேல போய்க் கவட்டையில மாட்டிக்கும். திரும்ப ஏறித்தான் எடுக்கணும்.

ராஜன் மாமா: அதனால பக்கச் சுவர்ல, அடியிலருந்து 3 செமீ மேல, 20 மிமீ ஐலெட் ஒண்ணு. நுனிய அது வழியா வெளிய 50 செமீ விட்டு, வெளிப்பக்கம் எட்டு முடிச்சு. கயித்த உருவுறதுக்கு முன்னாடி பையக் கழட்டணும்னு அந்த முடிச்சே காட்டிக் கொடுக்கும். தைச்ச கண்ணி இருக்கிற முனை இந்த ஓட்டையில நுழையாது, அத எப்பவும் மேல்முனையா வை.

முத்து: ஹார்னஸ்ல தொங்கவிடுறதப் பத்தி மாமா சொல்லணும். எனக்கு 45 மீட்டர் அதிகமாத் தெரியுது.

ராஜன் மாமா: அதிகம்தான். மீட்டருக்குச் சுமார் 100 கிராம், ஆக 4.5 கிலோ, பையோட 5 கிட்ட. ஒரு பக்க இடுப்புல அவ்வளவு இழுத்தா உடம்பு சாயும். சாமான் மாட்டுற வளையம் எத்தனை கிலோ தாங்கும்னு ஹார்னஸ் குறிப்புலயே இருக்கும், பாத்துக்கோ. 45 மீட்டர் பை தரையில இருக்கட்டும். இடுப்புக்கு 30 மீட்டர் கயிறு, 8 லிட்டர் பை தனியா தை. விட்டம் 20, உயரம் 26. ரெண்டு காதையும் ரெண்டு வளையத்துல மாட்டுனா ஆடாது.

ராஜன் மாமா: அந்த 30 மீட்டர்ல இரட்டைக் கயிறா ஏறுனா நங்கூரம், அதாவது மரத்துல கயிறு தொங்குற இடம், 14 மீட்டருக்குள்ளதான். அதத் தாண்டுனா இறங்கும்போது கயிறு தரைக்கு எட்டாது. இறங்கும்போது பையிலருந்துதான் கயிறு வெளிய வரும், அதனால வாயச் சுருக்கி இறுக்கியிருந்தா நடுவுலயே நின்னுடுவ. ஏறுறப்பவே வாயத் தளர்த்திடு.

கவிதா: திணிக்கிறது எப்படி? வளையமா சுத்தி வச்சா அழகா இருக்கும்.

முத்து: சுத்தாத. ஒவ்வொரு வளையத்துக்கும் கயித்துல ஒரு முறுக்கு ஏறும், எல்லாம் ஒரே பக்கமா. இழுக்க இழுக்க அந்த முறுக்கு சேர்ந்து, ஏறுற கயித்தச் சுத்திப் பிடிக்கிற பிடிமுடிச்சு கிட்ட வந்து நிக்கும். தலைக்கு மேல ஒரு காரபினர் (திறந்து மூடுற உலோகக் கொக்கி) மாட்டி, கயித்த அது வழியா விட்டு, 20, 30 செமீ பிடிகளா நேரா உள்ள போடு. நாலஞ்சு மீட்டருக்கு ஒரு தடவை உள்ளங்கையால லேசா அமுக்கு. காலால மிதிக்கக் கூடாது. போடுறப்ப கயிறு விரலுக்கு நடுவுல போகும்ல, அங்கதான் சோதனை. தட்டையா, கட்டியா, உருகிப் பளபளப்பா ஏதாச்சும் தட்டுப்பட்டா நிறுத்தி வெளிச்சத்துல பாரு.

செல்வி அக்கா: ரம்பத்தோட எண்ணெய், பெட்ரோல், பேட்டரி எதுவும் அந்தப் பையில கூடாது. அமிலம் நைலான அரிக்கும், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. முதல்ல கிளை மேல வீசுற எறிகயிறும், அதுல கட்டுற எறிபையும்கூட வேற பையில.

கவிதா: நிறம் ஏதாச்சும்?

ராஜன் மாமா: ஆரஞ்சு இல்ல மஞ்சள். பச்சைப் பை இலைக்கு நடுவுல கண்ணுக்குப் படாது, வெட்டுன கிளை நேரா அது மேல விழும். பைய எப்பவும் கிளை விழுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், அடிமரத்த ஒட்டி வை.

கவிதா: 30 மீட்டர் பைக்கும் வெட்டு அளவு சொல்லுங்கக்கா, ரெண்டையும் ஒண்ணா வெட்டிடறேன்.

செல்வி அக்கா: சுவர் 66க்கு 31.5. அடி 23. கழுத்து 66க்கு 18. குழாய் 62.5. நாடா 1.1 மீட்டர். முதல்ல பழைய பேப்பர்ல வெட்டி, கயித்த உள்ள போட்டுப் பாத்துட்டு அப்புறம் துணியில கத்தரி வை.