விழித்திரைச் சிதைவில் இரவுப் பார்வை ஏன் முதலில் போகிறது?

கேள்வி:
என் அண்ணனுக்குப் பரம்பரை விழித்திரைச் சிதைவு இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். பகலில் செய்தித்தாளின் பொடி எழுத்தைக்கூடப் படித்துவிடுகிறார். அந்தி சாய்ந்தால் எதிரே கிடக்கும் நாற்காலியில் இடித்துக்கொள்கிறார். இது எப்படிப் பார்வையிழப்பில் போய் முடிகிறது?

பதில் 1:
விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடியும், நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 லட்சமும் உள்ளன. நீங்கள் சொல்லும் வகையில் மரபணுப் பிழையால் குச்சி செல்களே முதலில் மடிவதால், இரவுப் பார்வை குன்றி, பிறகு பக்கப் பார்வையும் சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போல் ஆகிவிடுகிறது. இறந்த செல்கள் மீண்டும் உருவாவதில்லை.

பதில் 2:
மரபணுப் பிழை குச்சி செல்லின் வேலையை மட்டும் கெடுப்பதாக இருந்தாலும் கூம்பு செல்களும் பின்னர் மடிகின்றன என்பதுதான் எனக்கு வியப்பு. குச்சி செல்கள் சுரக்கும் காப்புப் புரதம் நின்றுபோவதும், அவை செலவிடாத ஆக்சிஜன் மிகுந்து ஊறு செய்வதும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. முதுமையில் வரும் மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவோ நேர்மாறு: நடுப்பார்வை போகும், ஓரம் மிஞ்சும்.

பதில் 3:
மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா? ஆர்பிஇ65 மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு மட்டும் பயன்படும் மரபணுச் சிகிச்சைக்கு அமெரிக்கா 2017இல் ஒப்புதல் அளித்தது.